குடல் சுவரில் கசிவு: குறை உடம்பிலா, ஊரிலா?

“குடலில் ஓட்டை விழுந்திருக்கிறதாம். எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரிந்துவிடுமா?”

வயிற்று உப்புசம், அடிக்கடி வயிற்றுப்போக்கு, தீராத சோர்வு என்று அவதிப்படும் பலர் இன்று கேட்கும் கேள்வி இது. கைத்தொலைபேசியில் வரும் விளம்பரங்கள் ‘லீக்கி கட்’ என்ற சொல்லை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. ‘கசியும் குடல்’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். அதற்கு ஒரு பொடி, அதற்கு ஒரு பரிசோதனை, அதற்கு ஒரு விலை என்று வியாபாரமும் சூடு பிடித்திருக்கிறது.

செலாயாங் வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்குப் பெரிய மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. பத்துமலைக்கு அருகில் 1999-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை, காகிதக் கோப்புகளுக்குப் பதிலாகக் கணினியிலேயே நோயாளிகளின் பதிவுகளை வைத்துக்கொள்ளும் முறைக்கு நாட்டில் முன்னோடியாக விளங்கியது. ஆகவே, ஸ்கேன் என்பது இவ்வட்டார மக்களுக்குப் புதிய சொல் அல்ல.

ஆனால் குடலின் கசிவை ஸ்கேனில் பார்க்க முடியுமா என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. அதன் முக்கியமான அத்தியாயம் ஒன்று, நம் முன்னோர்களில் பலர் கப்பலேறி வந்த வட ஆற்காட்டு மண்ணில் எழுதப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது.

*அரை பூப்பந்து மைதானம்*

முதலில் குடல் சுவர் என்பது என்ன என்று பார்த்துவிடலாம்.

சிறுகுடலின் உட்பக்கம் வழவழப்பான ரப்பர் குழாய் போன்றது அல்ல. அதில் விரல்களைப் போல லட்சக்கணக்கான நுண்ணிய நீட்சிகள் நிற்கின்றன. குடலுறிஞ்சிகள் என்று பள்ளிப் பாடத்தில் படித்தது இவற்றைத்தான். உணவுக் குழாய் தொடங்கிப் பெருங்குடல் வரை உள்ள இந்த உட்பரப்பை விரித்துப் பார்த்தால் டென்னிஸ் மைதானம் அளவுக்கு வரும் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். 2014-இல் சுவீடன் ஆய்வாளர்கள் மறுபடியும் கணக்குப் போட்டு, ஏறக்குறைய 32 சதுர மீட்டர்தான் என்று திருத்தினார்கள். அதாவது, அரை பூப்பந்து மைதானம்.

இவ்வளவு பெரிய பரப்பை மூடியிருப்பது ஒரே ஒரு வரிசை உயிரணுக்கள்! சில நாள்களுக்கு ஒருமுறை அவை உதிர்ந்து புதியவை முளைக்கின்றன. பக்கத்துப் பக்கத்து அணுக்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் இணைப்புகளை 1963-இல் மர்லின் ஃபார்குவார், ஜார்ஜ் பலாடே ஆகிய இருவரும் மின்னணு நுண்ணோக்கியின் வழி விவரித்தார்கள். செங்கற்களுக்கு இடையே பூசிய சிமெண்டு போன்றவை அந்த இணைப்புகள். ஆனால் சிமெண்டைப் போல இறுகிக் கிடப்பவை அல்ல. தேவைக்கு ஏற்பச் சற்றே தளர்ந்தும் இறுகியும் வேலை செய்பவை.

தண்ணீரும் உப்பும் சர்க்கரையும் உள்ளே போக வேண்டும். கிருமியும் அதன் நஞ்சும் வெளியே நிற்க வேண்டும். இந்தக் காவல் எந்த அளவுக்குத் தளர்ந்திருக்கிறது என்பதைத்தான் மருத்துவர்கள் ‘குடலின் ஊடுருவு தன்மை’ என்கிறார்கள். சிறிதளவு கசிவு எல்லாருக்கும் உண்டு. அளவு மீறினால்தான் தொல்லை.

*பழி யார் மேல்?*

வெப்ப மண்டல நாடுகளில் வெகுகாலமாகவே ஒரு நோய் இருந்து வந்தது. ஓயாத வயிற்றுப்போக்கு, நாக்குப் புண், ரத்தசோகை, எலும்பும் தோலுமாக மெலிதல் ஆகியவை அதன் அடையாளங்கள். 1759-இல் பார்படோஸ் தீவில் வில்லியம் ஹில்லாரி என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். 1880-இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பணிபுரிந்த பேட்ரிக் மேன்சன், ஜாவாவில் டச்சு மருத்துவர்கள் வழங்கிய பெயரை ஆங்கிலத்திற்குக் கொண்டுவந்தார். ‘ஸ்ப்ரூ’ என்பது அந்தப் பெயர்.

வெள்ளைக்காரர்களுக்கு வந்தபோது அது பெயருள்ள நோயாக இருந்தது. கூலித் தொழிலாளிக்கு வந்தபோது?

மலாயாத் தோட்டங்களில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேரியாவோடு வயிற்றுப்போக்கும் ரத்தபேதியும் சேர்ந்து தமிழ்த் தொழிலாளர்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோயின. லயத்து வீடுகளில் நெருக்கடி, ஓடைத் தண்ணீர், முறையான கழிப்பிடம் இல்லாத நிலை. பால்மரக் காட்டில் நாள் முழுக்க நின்றவனுக்கு உடம்பு தேறவில்லை என்றால், அவன் சுத்தம் தெரியாதவன், உடம்பில் சத்தில்லாத சாதி, சோம்பேறி என்று பழி அவன் மேலேயே விழுந்தது. வியர்வை சிந்தியவனின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கக் கருவியும் இல்லை, பார்க்க வேண்டும் என்ற அக்கறையும் பெரிதாக இல்லை.

இரண்டாம் உலகப் போர் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றியது. இந்தியாவில் சிறை வைக்கப்பட்டிருந்த இத்தாலியப் போர்க்கைதிகளுக்கும் ஸ்ப்ரூ வந்தது. அது பற்றிய விரிவான ஆய்வு 1948-இல் வெளியானது. பின்னர் தென்கிழக்கு ஆசியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் ராணுவ வீரர்களுக்கும் வந்தது. 1966-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அந்த விவரம் வெளிவந்தது. நல்ல சாப்பாடு சாப்பிட்டு, தேகப்பயிற்சி செய்து வளர்ந்த இளைஞர்கள் அவர்கள். அப்படியானால் ‘சத்தில்லாத சாதி’ என்ற பேச்சு என்னவாயிற்று?

*வேலூர் சொன்ன பதில்*

இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவாகப் பதில் தேடிய இடங்களில் ஒன்று வேலூர். 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவச் சேவைதான் பின்னாளில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே ஆஸ்திரேலிய மருத்துவர் செல்வின் பேக்கரும், வி.ஐ. மாத்தனும், அவர்களுடைய குழுவினரும் குடல் நோய்களை ஆராய்ந்தார்கள். இங்கிலாந்தின் வெல்கம் அறக்கட்டளை அந்த ஆய்வுப் பிரிவுக்குத் துணை நின்றது.

1960-களின் தொடக்கத்தில் வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோய் போலப் பரவியது. ஒரே வீட்டில் ஒருவர் பின் ஒருவராகப் படுத்தார்கள். பல உயிர்கள் போயின. வேலூர் மருத்துவர்கள் மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டு நோயாளிக்காகக் காத்திருக்காமல் கிராமம் கிராமமாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். யாருக்கு முதலில் வந்தது, பக்கத்து வீட்டுக்கு எப்போது போனது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். பரவிய விதத்தைப் பார்த்தபோது, இது வெறும் சத்துக்குறைவு அல்ல, தொற்றைப் போல நகரும் நோய் என்பது புலப்பட்டது.

அவர்கள் கையில் அப்போது ஒரு புதிய கருவியும் இருந்தது. 1957-இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் கிராஸ்பி உருவாக்கிய சிறு உருளை அது. மெல்லிய குழாயின் நுனியில் மாட்டிய அந்த உருளையை நோயாளி விழுங்க வேண்டும். அது சிறுகுடலை அடைந்ததும் வெளியிலிருந்து காற்றை உறிஞ்சினால், உள்ளே இருக்கும் கத்தி குடல் சுவரில் ஒரு துளியை வெட்டி எடுத்துக்கொள்ளும். வயிற்றைக் கிழிக்காமல் குடலின் சதையைக் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தது.

பார்த்தவர்கள் திகைத்தார்கள். நோயாளிகளின் குடலுறிஞ்சிகள் மழுங்கிக் கிடந்தது எதிர்பார்த்ததுதான். ஆனால், நோய் எதுவும் இல்லை என்று சொல்லி நடமாடிய தென்னிந்தியர்களின் குடலிலும் விரல் போல நிற்க வேண்டிய நீட்சிகள் இலை போலவும் வரப்பு போலவும் தட்டையாகிக் கிடந்தன! மேலைநாட்டுப் புத்தகம் ‘சாதாரணம்’ என்று வரைந்து வைத்த படம் ஒன்று. வட ஆற்காட்டில் சாதாரணமாக இருந்தது வேறொன்று.

அப்படியானால் தமிழனின் குடலே பிறவியில் அப்படித்தானா?

*நியூயார்க் போனதும் மாறிய குடல்*

அப்படியில்லை என்று காட்டியவை இரண்டு ஆய்வுகள்.

முதலாவது, அமெரிக்காவின் அமைதிப்படைத் தொண்டர்களைப் பற்றியது. அன்றைய பாகிஸ்தானில் சேவை செய்யப் போன அந்த இளைஞர்களின் குடலை ஜான் லிண்டன்பாம் குழுவினர் ஆராய்ந்தார்கள். உள்ளூர் மக்களோடு வாழ்ந்த சில மாதங்களிலேயே வெள்ளைக்காரத் தொண்டர்களின் குடலுறிஞ்சிகளும் மழுங்கத் தொடங்கியிருந்தன. 1966-இல் வெளியான முடிவு இது. அவர்கள் ஊர் திரும்பியதும் குடலும் படிப்படியாகப் பழைய நிலைக்குத் திரும்பியது.

இரண்டாவது ஆய்வு அதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்தது. நியூயார்க்கில் குடியேறிய இந்தியர்களையும் பாகிஸ்தானியர்களையும் பரிசோதித்தார்கள். அங்கே வாழ்ந்த காலம் கூடக் கூட அவர்களின் குடல் தேறிக்கொண்டே வந்திருந்தது. இது 1971-இல் வெளியானது.

ஆக, போனவனுக்கு வருகிறது, வந்தவனுக்குப் போகிறது. குறை உடம்பில் இல்லை, ஊரில் இருக்கிறது. குடிக்கும் தண்ணீரிலும், மிதிக்கும் மண்ணிலும், கழிவு போகும் வழியிலும் இருக்கிறது. தோட்டத்துத் தொழிலாளி மேல் சுமத்திய பழியை ஒரு துளிக் குடல் சதை பொய்யாக்கிவிட்டது என்றால் மிகையாகாது.

*இரண்டு சர்க்கரைகள்*

உருளையை விழுங்கச் சொல்லிச் சதையை வெட்டுவதை எத்தனை பேரிடம் செய்ய முடியும்? கைக்குழந்தையிடம் செய்ய முடியுமா? எளிய வழி ஒன்று வேண்டியிருந்தது.

1974-இல் லண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையைச் சேர்ந்த இயன் மென்சீஸ் அதற்கு வழி காட்டினார். உடம்பு பயன்படுத்திக்கொள்ளாத இரண்டு சர்க்கரைகளைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கும் பரிசோதனை அதிலிருந்து வளர்ந்தது. ஒன்று மானிட்டால், சின்ன மூலக்கூறு. இன்னொன்று லாக்டுலோஸ், பெரிய மூலக்கூறு. சின்னது ஆரோக்கியமான குடலில் சுலபமாக உள்ளே போய்விடும். பெரியது சுவர் தளர்ந்திருந்தால்தான் போகும். உள்ளே போன இரண்டும் சிறுநீரில் வெளியேறும். ஐந்தாறு மணி நேரம் சிறுநீரைச் சேர்த்து இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் போதும். பெரியது கூடியிருந்தால் கசிவு. சின்னது குறைந்திருந்தால் உறிஞ்சும் பரப்பே சுருங்கிவிட்டது என்று அர்த்தம்.

மீனவர்கள் வலைக்கண்ணை அளக்கச் சின்ன மீன், பெரிய மீன் இரண்டையும் போட்டுப் பார்ப்பது போன்ற யோசனை இது.

1999-இல் மென்சீஸ் குழுவினர் பல நாட்டு மக்களிடம் இந்தப் பரிசோதனையைச் செய்து ஒப்பிட்டார்கள். மிதவெப்ப நாட்டவரைவிட வெப்ப மண்டலத்தில் வாழ்ந்தவர்களுக்குக் கசிவு கூடுதலாக இருந்தது. வறண்ட பாலைவன நாட்டவருக்கு அப்படி இல்லை. வெயில் மட்டும் காரணம் அல்ல என்பது இதில் தெளிவாயிற்று.

குழந்தைகளின் கதைதான் வேதனையானது. ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் 1991-இல் வெளியான ஆய்வு, பச்சிளங்குழந்தைகளின் வளர்ச்சித் தேக்கத்தில் 43 விழுக்காடு வரை குடல் கசிவோடு தொடர்புடையது என்று கணக்கிட்டது. தாய் ஊட்டுகிறாள், குழந்தை சாப்பிடுகிறது, உடம்பில் ஒட்டவில்லை! 2009-இல் எட்டு நாடுகளில் தொடங்கிய ‘மால்-எட்’ என்ற பெரிய ஆய்வில் வேலூரும் ஓர் இடமாயிற்று. ககன்தீப் காங் தலைமையில் அங்குள்ள குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்தார்கள். அதே இரண்டு சர்க்கரைப் பரிசோதனை அங்கேயும் கைகொடுத்தது.

சுத்தத்தைக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? வங்காளதேசம், கென்யா, ஜிம்பாப்வே நாடுகளில் எளிய கழிப்பறை, குளோரின் போட்ட தண்ணீர், கைகழுவும் வசதி ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018, 2019-ஆம் ஆண்டுகளில் முடிவுகள் வந்தன. குழந்தைகளின் உயரம் அதனால் கூடவில்லை. அரைகுறை வசதி போதாது, குழாய்த் தண்ணீரும் கழிவுநீர்க் கால்வாயும் நல்ல குடியிருப்பும் சேர்ந்து வர வேண்டும் என்ற பாடத்தையே பலரும் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

*காந்தத்தின் கண்*

இப்போது எம்.ஆர்.ஐ.க்கு வரலாம்.

1973-இல் பால் லாட்டர்பர் காந்தப் புலத்தைக் கொண்டு படமெடுக்கும் முறையை வெளியிட்டார். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு அதை வேகமாக்கினார். இருவருக்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. செமினியில் வளாகம் அமைத்திருக்கும் அதே நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம்தான் அது.

எம்.ஆர்.ஐ. பார்ப்பது பெரும்பாலும் உடம்பிலுள்ள தண்ணீரை. எக்ஸ்ரே கதிர் இல்லை, கத்தி இல்லை, குழாய் விழுங்கும் தொல்லையும் இல்லை. 2007-இல் நாட்டிங்ஹாம் ஆய்வாளர்கள் சிறுகுடலுக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை ஸ்கேன் வழியாகவே அளக்கும் முறையைச் சரிபார்த்து வெளியிட்டார்கள். தண்ணீர் குடலில் ஒரே நீரோட்டமாக நிற்பதில்லை, மழைக்குப் பின் சாலையில் தேங்குவது போலச் சிறு சிறு குட்டைகளாக நிற்கிறது என்பதும் படங்களில் தெரிந்தது.

இதைக் கசிவோடு எப்படி இணைப்பது? சுவர் தளர்ந்தால் தண்ணீரின் போக்கு மாறும், சுவர் வீங்கும், ரத்த ஓட்டம் கூடும். ரத்தத்தில் ஏற்றப்படும் கடோலினியம் என்ற மருந்து அந்த இடத்தில் கூடுதலாகப் பரவிப் படத்தில் பிரகாசமாகத் தெரியும். இந்த மாற்றங்களை அளந்து கசிவைக் கணிக்க முடியுமா என்பதே ஆய்வாளர்களின் கேள்வி. இதற்கு அவர்களுக்கு உதவும் ஒரு பழைய செய்தியும் உண்டு. மூட்டுவலிக்குச் சாப்பிடும் இண்டோமெத்தசின் போன்ற வலி மாத்திரைகள் குடலின் கசிவைக் கூட்டுகின்றன என்று 1980-களிலேயே லண்டனில் இங்வார் பியார்னசன் குழுவினர் நிரூபித்திருந்தார்கள். மாத்திரைக்கு முன், மாத்திரைக்குப் பின் என்று ஒப்பிட்டு எந்த அளவுகோலையும் சோதித்துப் பார்க்க அது வழி செய்கிறது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. லாக்டுலோஸ் மூலக்கூறின் அகலம் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர். எம்.ஆர்.ஐ. படத்தின் ஒரு புள்ளியோ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் 10 லட்சம் நானோமீட்டர் அடங்கும்! ஆகவே, எந்த ஸ்கேனும் குடலின் ‘ஓட்டை’யைப் படம் பிடித்துக் காட்டாது. கசிவால் விளையும் மாற்றத்தைத்தான் காட்டும். கூரை ஒழுகும் துவாரம் கண்ணுக்குத் தெரியாது, சுவரில் ஈரம் பரவியிருப்பது தெரியும் அல்லவா? அது போலத்தான். அதனால்தான் குடல் கசிவுக்கென்று எம்.ஆர்.ஐ. எடுப்பது இன்னும் ஆய்வுக்கூட வேலையாகவே இருக்கிறது. மருத்துவமனையில் வழக்கமாக எழுதிக் கொடுக்கும் பரிசோதனை அல்ல.

*நமக்கு இதில் என்ன?*

எம்.ஆர்.ஐ. குடலுக்குப் பயன்படவே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ‘கிரோன்ஸ்’ எனப்படும் நாள்பட்ட குடல் அழற்சி நோயில் அது பெரும் உதவி செய்கிறது. நோயாளிக்கு முதலில் ஒரு லிட்டருக்கு மேல் திரவம் குடிக்கக் கொடுத்துக் குடலை விரித்துப் படமெடுப்பார்கள். அந்தத் திரவத்தில் பல இடங்களில் சேர்ப்பது என்ன தெரியுமா? அதே மானிட்டால் சர்க்கரை!

மலேசிய இந்தியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இங்கேதான் இருக்கிறது. ஈப்போவை உள்ளடக்கிய கிந்தா பள்ளத்தாக்கில் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வில், குடல் அழற்சி நோய்கள் புதிதாகத் தோன்றும் விகிதம் மூன்று இனங்களில் இந்தியர்களிடமே அதிகமாக இருந்தது. கிரோன்ஸ் நோயாளிகளின் நெருங்கிய உறவினர்களுக்கும் குடல் கசிவு கூடுதலாக இருப்பதை 1986-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. 2020-இல் வெளியான கனடிய ஆய்வாளர்களின் முடிவு, நோய் வருவதற்கு முன்பே கசிவு தென்படுகிறது என்று காட்டியது.

ஆகவே மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, வாரக்கணக்கில் நிற்காத வயிற்றுப்போக்கு, இரவில் தூக்கத்தை எழுப்பும் வயிற்றுவலி ஆகியவை இருந்தால் பொடி வாங்கிக் கலக்கிக் குடித்துக்கொண்டு காலத்தைப் போக்கக் கூடாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். எந்த ஸ்கேன் தேவை என்பதை அவர் சொல்வார். மூட்டுவலி, இடுப்புவலி என்று கடையில் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் பழக்கம் உள்ளவர்கள் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கடோலினியம் ஏற்றுவதற்கு முன்பே தெரிவித்துவிடுவது அவசியம்.

வட ஆற்காட்டுக் குடிசையிலிருந்து மலாயாத் தோட்டத்து லயத்துக்கு, லயத்திலிருந்து செலாயாங் அடுக்குமாடிக்கு என்று மூன்று தலைமுறைகள் நகர்ந்திருக்கின்றன. முதல் தலைமுறையின் வயிற்றை யாரும் பார்க்கவில்லை, பழியை மட்டும் சுமத்தினார்கள். ஊரில் இருந்தவர்களின் வயிற்றை வேலூர் மருத்துவர்கள் பார்த்தார்கள், குறை தண்ணீரிலும் சுற்றுப்புறத்திலும் இருக்கிறது என்றார்கள். இன்றைய தலைமுறைக்குக் காந்தமும் கணினியும் கிடைத்திருக்கின்றன.

ஆனால் இன்றும் யாரோ ஒருவர் வந்து, ‘உங்கள் குடல் ஓட்டை, இந்த டப்பாவை வாங்குங்கள்’ என்கிறார். அன்று ‘உன் உடம்புதான் சரியில்லை’ என்று சொன்னவர்களின் குரலுக்கும் இந்தக் குரலுக்கும் பெரிய வித்தியாசமில்லை. டப்பாவுக்குப் பணத்தை எடுக்கும் முன், குழாயில் வரும் தண்ணீர் எப்படி இருக்கிறது, வீட்டுப் பின்புறக் கால்வாய் அடைத்துக் கிடக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது. அடைப்பு இருந்தால் நகராண்மைக் கழகத்துக்குப் புகார் கொடுக்கக் காசு செலவில்லை.